டப்பாவுக்குள் ஒரு கடிதம்... படித்தீர்களா?

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் மாத்திரை, மருந்தெல்லாம் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவையோ, பழைய பிஸ்கட் டின்னையோ எடுத்து வந்து திறந்து பாருங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது? பாதி கத்தரித்த மாத்திரை அட்டைகள், பிசுபிசுவென்று ஒட்டிக் கொண்டிருக்கும் இருமல் மருந்து பாட்டில், ஒரு தைலம், யாருக்கு எப்போது வாங்கியது என்றே தெரியாத ஒரு கண் சொட்டு மருந்து... இவை எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. அந்த மருந்துகளோடு மடித்து மடித்து, மெல்லிசாக ஒரு பேப்பர் வந்ததே, அது!

"அட, அதையெல்லாம் யார் ஸார் படிக்கிறாங்க? பொடிப் பொடி எழுத்து. பிரிச்சா திரும்ப மடிக்கவே வராது!"

நியாயமான பேச்சுதான். சமீப காலமாக அந்தச் சிரமத்தையும் நமக்கு வைக்காமல் பல கம்பெனிகள் ஒரு வழி கண்டு பிடித்திருக்கின்றன. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கினாலும் சரி, சமையலறைக்கு ஒரு சாமான் வாங்கினாலும் சரி, தடியான விளக்கப் புத்தகத்துக்குப் பதில் டப்பாவின் மேல் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரம் அச்சிட்டு விடுகிறார்கள். க்யூ.ஆர். கோடு! 'போனில் ஸ்கேன் செய்து படித்துக் கொள்ளுங்கள்' என்று கடைக்காரர் கையைக் கழுவி விடுகிறார்.

பேப்பர் மிச்சம், மரம் மிச்சம், செலவு மிச்சம். எல்லாம் சரி. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரி, அவசரமான நேரத்தில் நம் கண்ணில் படுமா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மருந்து பாதி, முறை பாதி

'மாத்திரை இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. பேப்பர் எதற்கு?' என்று கேட்பவர்களுக்காக நான்கே உதாரணங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுக்கிறோம். இதில் சொட்டு மருந்து என்று ஒன்று, சிரப் என்று ஒன்று. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து விடாதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.யிலேயே 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. இருக்கும். 'போன தடவை ஒரு ஸ்பூன் கொடுத்தோமே' என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றிக் கொடுத்தால், பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 500 மி.கி.! அதாவது பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் குழந்தையின் கல்லீரல் என்ன ஆகும்?

அடுத்தது இழுப்புக்காரர்கள் சமாசாரம். 'ரோட்டாகேப்' என்று மாத்திரை வடிவிலேயே ஒரு மருந்து உண்டு. பார்ப்பதற்குச் சாதாரண கேப்ஸ்யூல் போலவே இருக்கும். அதற்கென்று இருக்கும் கருவியில் போட்டு, உள்ளேயிருக்கும் பொடியை வாய் வழியாக உறிஞ்ச வேண்டும். தண்ணீர் ஊற்றி விழுங்கி விட்டு, 'இந்த டாக்டர் மருந்து கேட்கவே மாட்டேங்குது' என்று குறைப்படுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். குற்றம் மருந்தின் மேலா?

மூன்றாவது, மெத்தோட்ரெக்ஸேட். ருமாட்டாய்டு மூட்டுவாதம், சொரியாசிஸ் போன்ற வியாதிகளுக்குக் கொடுக்கும்போது இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல தினமும் போட்டு விட்டால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, ரத்த அணுக்களைக் குறைத்து, உயிருக்கே உலை வைத்து விடும். உலகம் முழுக்க இந்த ஒரு தப்பினால் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 2019ல் ஐரோப்பிய மருந்து நிர்வாகம், வாரம் ஒரு முறை என்பதை நோயாளிக்குப் பளிச்சென்று ஞாபகப்படுத்தும் குறிப்பு இந்த மருந்தின் டப்பாவிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னது. கவனியுங்கள்... டப்பாவிலேயே!

நான்காவது, எலும்புத் தேய்மானத்துக்குப் பல பெண்கள் சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி விட்டு, குறைந்தது அரை மணி நேரம் படுக்கவே கூடாது. நின்றபடியோ உட்கார்ந்தபடியோதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக் குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கி விடும். 'மாத்திரை போட்டாச்சு, கொஞ்சம் படுத்து எழுந்திருக்கிறேன்' என்று சாய்கிற பாட்டிக்கு இதை யார் சொல்வது?

இந்த நான்கிலும் மருந்து நல்ல மருந்துதான். டாக்டரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எப்படிச் சாப்பிடுவது என்ற ஒரே ஒரு வரி கை மாறும்போது தவறிப் போனதுதான் ஆபத்து.

கடிதம் எழுத வைத்தவர்கள்

மருந்தோடு நோயாளிக்கும் ஒரு பேப்பர் கொடுக்க வேண்டும் என்பது சும்மா வந்த வழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1968ல் ஆஸ்துமாவுக்கான ஒரு இன்ஹேலரில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த ஐசோப்ரோட்டெரினால் மருந்தை அளவுக்கு மீறி உறிஞ்சினால் மூச்சுத் திணறல் வரும் என்பதை நோயாளிக்கே சொல்ல வேண்டும் என்றார்கள். அடுத்து கர்ப்பத்தடை மாத்திரை. அதைச் சாப்பிடும் சில பெண்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பது தெரிந்ததும், '1970க்குப் பிறகு இந்த விஷயம் பெண்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்' என்று மாத்திரையோடு ஒரு சிறு சீட்டு வைக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பெல்லாம் 'டாக்டருக்குத் தெரிந்தால் போதும்' என்பதுதான் எண்ணம்.

ஐரோப்பாவில் 1992ல் சட்டமே வந்தது. நோயாளிக்கான விளக்கச் சீட்டு, அவருக்குப் புரியும் மொழியில். 2004ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மருந்தின் பெயரைக் கண் தெரியாதவர்களுக்காக பிரெய்ல் எழுத்திலும் டப்பாவில் போட வேண்டும். விளக்கச் சீட்டை எழுதி விட்டால் மட்டும் போதாது, சாதாரண ஜனங்களிடம் படிக்கக் கொடுத்து, புரிகிறதா என்று பார்த்த பிறகே அச்சிட வேண்டும் என்றார்கள்.

நம் ஊர் பேப்பரைப் பிரித்துப் பாருங்கள். பல மருந்துகளில் மேலேயே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். 'பதிவு பெற்ற மருத்துவர், ஆஸ்பத்திரி, அல்லது ஆய்வுக்கூடத்தின் உபயோகத்துக்கு மட்டும்' என்று அர்த்தம். ஆக, உங்கள் டப்பாவுக்குள் வரும் கடிதம் உங்களுக்கு எழுதியதே இல்லை! டாக்டருக்கு எழுதிய கடிதத்தைத்தான் நாம் பிரித்துப் பார்த்து முழிக்கிறோம்.

பேப்பர் மேல் உள்ள குற்றச்சாட்டுகள்

பேப்பர் கட்சிக்காக மட்டும் பேசினால் அது நியாயம் இல்லை. அதன் குறைகளையும் சொல்லி விடுவோம்.

ஒன்று, எழுத்து. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாலும் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. அதிகம் மருந்து சாப்பிடுபவர்கள் யார்? வயதானவர்கள். அவர்கள் கண்ணுக்கு இந்த எழுத்தா!

இரண்டு, மொழி. நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அத்தனையிலும் அச்சடித்தால் மருந்தை விடப் பேப்பர் பெரிதாகி விடும். அதனால் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு நிறுத்தி விடுகிறார்கள்.

மூன்று, கத்தரிக்கோல். 'நாலு மாத்திரை போதும்' என்கிறோம். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து, ஒரு காக்கிக் கவரில் போட்டுத் தருகிறார். பேப்பர், கடை டப்பாவிலேயே தங்கி விடுகிறது. சில சமயம் காலாவதி தேதியும் அட்டையின் மறு பாதியோடு அங்கேயே தங்கி விடுகிறது!

நான்கு, பேப்பர் பழசாகி விடும். 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையை லேபிளிலும் விளக்கச் சீட்டிலும் போட வேண்டும் என்று. சரி, அதற்கு முந்தின மாதம் நீங்கள் வாங்கிய பாட்டில்? அதன் லேபிளில் அந்த வரி எப்படி வரும்? அச்சடித்த காகிதத்துக்கு நேற்றைய உலகம் மட்டும்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளைச் சதுரத்தின் பெருமை

மேலே சொன்ன நான்கு குறைகளுக்கும் போனில் பதில் இருக்கிறது. எழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கலாம். எத்தனை மொழியில் வேண்டுமானாலும் போடலாம், இடம் அடைக்காது. படிக்கத் தெரியாதவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் குரலில் சொல்ல வைக்கலாம். இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, இன்சுலின் பேனாவை எப்படிக் குத்துவது என்று படமாகவே ஓட்டிக் காட்டலாம். பத்துப் பக்கம் எழுதினாலும் வராத தெளிவு, ஒரு நிமிஷப் படத்தில் வரும். புது எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே சேர்க்கலாம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் புரிந்து கொள்ளுங்கள். நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் 1ந் தேதியிலிருந்து, அதிகம் விற்கும் 300 பிராண்ட் மருந்துகளின் லேபிளில் பார் கோடு அல்லது க்யூ.ஆர். கோடு கட்டாயம் ஆனது. அதை ஸ்கேன் செய்தால் என்ன வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? மருந்தின் பெயர், பிராண்ட் பெயர், தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் நம்பர், அந்தப் பொருளுக்கான அடையாள எண். அவ்வளவுதான். மருந்து போலியா, அசலா என்று பார்ப்பதற்காக வந்த கோடு அது. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? கர்ப்பிணிகள் சாப்பிடலாமா? சாப்பிட்டு விட்டு வண்டி ஓட்டலாமா? இதையெல்லாம் அது சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'கோடு இருக்கே, பேப்பர் எதுக்கு?' என்று தூக்கிப் போட்டு விடாதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு...

இப்போது போன் கட்சியின் குறைகள்.

ராத்திரி இரண்டு மணி. குழந்தைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பாட்டில். போன் சார்ஜில் இருக்கிறது; அல்லது சார்ஜே இல்லை. கோடு இருந்த அட்டை டப்பாவை முந்தா நாளே குப்பையில் போட்டாயிற்று. இந்த நேரத்தில் ஸ்கேன் செய்து, விளம்பரத்தைத் தாண்டி, ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்தைத் தள்ளித் தள்ளி, 'அளவு' எங்கே இருக்கிறது என்று தேட முடியுமா?

கிராமத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது பட்டன் போன். சர்க்கரை பார்க்கும் கருவியை மகன் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பியிருக்கிறான். 'எல்லாம் அதுல இருக்கும்மா, ஸ்கேன் பண்ணு' என்கிறான். எதை வைத்து ஸ்கேன் பண்ணுவாள்?

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல பகுதிகளில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. கரன்ட் போனால் ஃபிரிஜ்ஜில் இருக்கும் இன்சுலினை என்ன செய்வது, வெளியே எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி வருவதே அப்போதுதான். அதற்கான பதிலை இன்டர்நெட்டில் மட்டும் வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, கோடு சாசுவதம் இல்லை. ஈரம் பட்டால் அழியும். கம்பெனி தன் இணையதள முகவரியை மாற்றினால், கோடு எங்கேயும் போகாத சாலையாகி விடும். பத்து வருஷம் ஓடும் ஒரு சாமானுக்கு இது பெரிய சங்கடம்.

உலகம் எங்கே கோடு கிழித்தது?

இந்த வழக்கு நம் ஊரில் மட்டும் இல்லை. பல நாடுகள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. அந்த முடிவுகளில் ஒரு ஒற்றுமை இருப்பதைப் பாருங்கள்.

ஜப்பானில் 2021 ஆகஸ்டிலிருந்து, டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் பேப்பர் வைப்பதை எடுத்து விட்டார்கள். டப்பாவில் உள்ள கோடை ஸ்கேன் செய்து டாக்டர்களும் மருந்தாளுநர்களும் படித்துக் கொள்கிறார்கள். ஆனால் ஜனங்கள் கடையில் நேரடியாக வாங்கும் மருந்துகளில் பேப்பர் அப்படியே இருக்கிறது.

ஐரோப்பாவில் 2012லேயே சில வகை மருத்துவக் கருவிகளுக்கு மின்னணு விளக்கம் போதும் என்றார்கள். டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் போன்ற தொழில் தெரிந்தவர்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு மட்டும்! அதிலும் பேப்பர்தான் வேண்டும் என்று கேட்டால், அதிக பட்சம் ஏழு நாளுக்குள், காசு வாங்காமல் அனுப்ப வேண்டும். 2025ல் தொழில் தெரிந்தவர்களுக்கான சலுகையை மேலும் விரிவாக்கினார்கள். வீட்டில் சாதாரண ஜனங்கள் பயன்படுத்தும் கருவிகளுக்குப் பேப்பர் தொடர்கிறது.

இயந்திரங்களுக்காக ஐரோப்பா 2023ல் இயற்றிய புதுச் சட்டம் 2027 ஜனவரி 20லிருந்து நடைமுறைக்கு வரும் என்று தேதி குறித்திருக்கிறார்கள். விளக்கப் புத்தகம் போனில் இருக்கலாம். ஆனால் வாங்கும்போதே கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாக அச்சில் தர வேண்டும். இணையத்தில் குறைந்தது பத்து வருஷமாவது அது கிடைக்க வேண்டும். தொழில் தெரியாத சாதாரண ஆட்கள் பயன்படுத்தும் பொருளாக இருந்தால், பாதுகாப்புக்கு அத்தியாவசியமான விஷயங்களைக் காகிதத்திலேயே கொடுக்க வேண்டும்.

ஒற்றுமை புரிகிறதா? தொழில் தெரிந்தவருக்குத் திரை போதும். வீட்டுக்காரருக்குக் காகிதம் வேண்டும். விரிவான பாடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். உயிர் காக்கும் நாலு வரி மட்டும் பொருளை விட்டு விலகவே கூடாது!

பொருள் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும்

சில பொருள்களுக்குப் பேப்பர்கூடப் போதாது. கேஸ் கெய்ஸரை எடுத்துக் கொள்ளுங்கள். மூடிய பாத்ரூமுக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். குளிக்கப் போனவர் கதவைத் திறக்காமலே போய்ச் சேர்ந்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கெய்ஸரை பாத்ரூமுக்கு வெளியே காற்றோட்டமாக வைக்க வேண்டும் என்று விளக்கப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் யாரிடம்? வீட்டு ஓனரிடம். அதற்கும் முன்பு குடியிருந்தவரிடம். கெய்ஸர் மட்டும் உங்கள் தலைக்கு மேலே! குடி மாறி வருகிறவருக்கும் தெரிய வேண்டும் என்றால், அந்த எச்சரிக்கை கெய்ஸரின் உடம்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

பட்டன் பேட்டரியும் அப்படித்தான். ரிமோட், டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை மெஷின், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் இருக்கும் அந்தக் காசு வடிவப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக் கொண்டால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து போகும். அமெரிக்காவில் 2022ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். பேட்டரி மூடியைக் குழந்தையால் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும், டப்பாவின் மேல் எச்சரிக்கை வேண்டும், முடிந்தால் பொருளின் மேலேயும் வேண்டும் என்று. குழந்தை விழுங்கி விட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதை ஸ்கேன் செய்து படிக்கவா நேரம் இருக்கும்?

சட்டம் உங்கள் பக்கம்

2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84வது பிரிவைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பொருளைச் சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதுமான விளக்கமோ, தப்பாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையோ இல்லாமல், அதனால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அது. பொருள் பழுதில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, விளக்கமும் பழுதில்லாமல் இருக்க வேண்டும்!

ஆனால் 87வது பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், தயாரிப்பாளர் அந்த நிபுணருக்கு முறையாக எச்சரிக்கை கொடுத்திருந்தால், அதைக் காட்டித் தன் பொறுப்பிலிருந்து விலகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்துகளுக்கு இது முக்கியம். அந்த மருந்தைப் பற்றிய கேள்வியை டாக்டரிடமே கேட்டுத் தீர்த்துக் கொள்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 'டாக்டர் என்ன நினைப்பாரோ' என்ற கூச்சம் வேண்டாம்.

குறை சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்து சாப்பிட்டு வேண்டாத விளைவு ஏதாவது வந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024க்கும் தெரிவிக்கலாம். நோயாளிகளே நேரடியாகச் சொல்லலாம். நாளை அந்த மருந்தின் பேப்பரில் ஒரு புது வரி சேருவதற்கு நீங்களும் காரணமாக இருப்பீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மருந்து வாங்கியதும் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். கரன்ட் பில் வைக்கிற மாதிரி ஒரு ஃபைல் போடுங்கள். மருந்துப் பேப்பர், கருவிகளின் விளக்கப் புத்தகம், வாரண்டி கார்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

2. தினமும் சாப்பிடும் மருந்து என்றால் அட்டையாக, டப்பாவோடு வாங்குங்கள். கத்தரித்துத்தான் தருவார் என்றால், காலாவதி தேதியும் பேட்ச் நம்பரும் உங்கள் பக்கம் வருகிற மாதிரி கத்தரிக்கச் சொல்லுங்கள்.

3. மருந்தாளுநரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். எவ்வளவு? எப்போது? எத்தனை நாள்? எதோடு சேரக் கூடாது? எங்கே வைக்க வேண்டும்? பதிலை மார்க்கர் பேனாவால் டப்பாவின் மேல் தமிழில், பெரிசாக எழுதுங்கள். 'வாரம் ஒரு முறை - திங்கட்கிழமை மட்டும்' என்று எழுதி விட்டால், அந்த எழுத்து ஒரு உயிரைக் காப்பாற்றும்.

4. குழந்தைகளுக்கான பொடி மருந்தில் (தண்ணீர் கலந்து சிரப் ஆக்குவது), கொதித்து ஆறிய தண்ணீரைக் குறி வரைக்கும் ஊற்றி, கலந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். லேபிளில் சொன்ன நாள் தாண்டினால், மிச்சம் இருந்தாலும் கொட்டி விடுங்கள்.

5. இன்சுலின் பிரிக்காதது என்றால் ஃபிரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது, உறைந்தால் வீண். பிரித்தது எத்தனை நாள் தாங்கும் என்பது ஒவ்வொரு வகைக்கும் மாறும். அந்த எண்ணைப் பேப்பரில் பார்த்து, ஃபிரிஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

6. ரத்த அழுத்தக் கருவி வீட்டில் இருந்தால், அதன் விளக்கத்தில் உள்ள முறையை ஒரு சீட்டில் எழுதிக் கருவியோடு வையுங்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். கைப்பட்டை உங்கள் கைக்குப் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய விரலில் குத்திப் பார்த்தால் கணக்கு ஏறித்தான் காட்டும்.

7. விளக்கம் க்யூ.ஆர். கோடில்தான் இருக்கிறதா? அவசரம் வரும் வரை காத்திருக்காதீர்கள். வாங்கின அன்றைக்கே ஸ்கேன் செய்து, முழுப் புத்தகத்தையும் போனில் இறக்கி வையுங்கள். எச்சரிக்கை என்று தலைப்புப் போட்ட பக்கத்தை மட்டுமாவது ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஃபைலில் போடுங்கள். வயதான பெற்றோருக்கு ஒரு கருவி வாங்கி அனுப்பினால், அந்தப் பக்கத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

8. பழைய மருந்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 'கணக்கெடுப்பு' நடத்துங்கள். பெயர் தெரியாதது, தேதி தெரியாதது, யாருக்கு வாங்கியது என்று தெரியாதது எதையும் வைத்துக் கொள்ளாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் குழந்தை மருந்தை மறுபடி கொடுப்பதற்கு முன், அதைப் பற்றிப் புது எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

இவ்வளவும் நம் பக்கத்து வேலை. கம்பெனிகள் பக்கத்து வேலை ஒன்று இருக்கிறது. அதை அவர்களாகச் செய்ய மாட்டார்கள், நாம் கேட்க வேண்டும். 'உங்கள் கோடு இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் ஆபத்து சொல்லும் நாலு வரியைத் தமிழில், எங்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், பொருளோடு சேர்த்துக் கொடுங்கள்' என்று வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்டால், கடைக்காரர் ஏஜென்ட்டிடம் சொல்வார், ஏஜென்ட் கம்பெனியிடம் சொல்வார். கஸ்டமர் கேர் நம்பர் ஒவ்வொரு டப்பாவிலும் இருக்கிறது. ஒரு போன் போட்டு, 'அச்சடித்த விளக்கம் அனுப்புவீர்களா?' என்று கேட்டுத்தான் பாருங்களேன்.

கேட்பதற்குக் காசா, பணமா?